நோக்கியாவை நம்பியவர்கள் ஏன் வேறு செல்போன் வாங்கினார்கள்?

மின்னணுப் பொருள் வியாபாரத்தைப் பற்றிப் பேசுபவர்களிடம் ஒரு கருத்து ஆழமாக ஊன்றியிருக்கிறது. செல்போனோ டிவியோ ஹெட்ஃபோனோ, மக்கள் பெயரைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். ஒரு முறை மனதில் இடம்பிடித்த பிராண்டை லேசில் விடுவதில்லை. எனவே விற்பனைக்கு ஆணிவேர் பிராண்ட் விசுவாசமே என்பது அந்தக் கருத்து. விலை, கடை, தவணை, விளம்பரம் எல்லாம் அதற்குப் பிறகு வரும் பக்கவாத்தியங்கள் என்று சொல்லப்படுகிறது. சான்றாகக் காட்டப்படுவது பெரும்பாலும் ஒரே காட்சிதான்: புது ஐபோன் வெளியாகும் நாளில் விடியற்காலையிலேயே கடை வாசலில் நிற்கும் வரிசை. 2023 ஏப்ரலில் மும்பையில் ஆப்பிள் தன் முதல் இந்தியக் கடையைத் திறந்தபோது, பழைய மேக்கின்டாஷ் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தவரின் படம் பத்திரிகைகளில் வந்தது. அந்தப் படத்தைக் கொண்டு விற்பனையின் காரணத்தைச் சொல்வது, தேர்த்திருவிழாக் கூட்டத்தை வைத்து ஊரின் மக்கள்தொகையைக் கணக்கெடுப்பதைப் போன்றது.

வரிசையில் நிற்பவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் ஒரு பொருள் கோடிக்கணக்கில் விற்பதற்கு அவர்கள் காரணமாக இருந்ததில்லை. விலை, கடை, கடன், நேரம் ஆகிய நான்கையும் ஒரு நிறுவனம் சரியாகக் கணக்கிட்டால் பொருள் விற்கிறது. விற்ற பிறகு அந்த விற்பனைக்கு விசுவாசம் என்று பெயர் சூட்டப்படுகிறது. கணக்குத் தவறினால், அதே விசுவாசிகள் அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்கள். இதற்கு இந்தியச் செல்போன் சந்தையைவிடத் தெளிவான சாட்சி கிடைப்பது அரிது.

1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவிலிருந்து முதலமைச்சர் ஜோதி பாசு டெல்லியிலிருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். நாட்டின் முதல் செல்போன் அழைப்பான அதற்குப் பயன்பட்டது நோக்கியா கருவி. அடுத்த 15 ஆண்டுகளுக்குச் செல்போன் என்றாலே நோக்கியா என்ற நிலை இருந்தது. கிராமத்துப் பெட்டிக்கடைக்காரர் முதல் கல்லூரி மாணவர் வரை அதன் சார்ஜர் முனையை ‘நோக்கியா பின்’ என்றே கேட்டு வாங்கினார்கள். 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் அதன் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கி, உலகிலேயே அந்நிறுவனத்தின் மிகப் பெரிய ஆலைகளில் ஒன்றாக வளர்ந்தது.

இந்தச் செல்வாக்கு எப்படி வந்தது என்ற கேள்வியை விசுவாசவாதிகள் கேட்பதில்லை. ஃபின்லாந்திலிருந்து வந்த, உச்சரிப்பே ஜப்பானியப் பெயர் போலத் தோன்றிய ஒரு நிறுவனத்தின் மீது இந்தியர்களுக்கு முன்பிறவிப் பாசம் எதுவும் இருந்திருக்க முடியாது. நோக்கியா செய்தவை எல்லாம் கையால் தொட்டுப் பார்க்கக்கூடியவை. 2000த்தில் இந்தி மெனு வந்தது. 2003இல் வந்த 1100 என்ற மாடலில் தூசு புகாத விசைப்பலகை, வியர்த்த கையிலும் வழுக்காத பின்புறம், மேல்முனையில் ஒரு சின்ன டார்ச் லைட் ஆகியவை இருந்தன. மின்வெட்டு வழக்கமாக இருந்த ஊர்களில் அந்த டார்ச் ஒன்றுக்காகவே போன் வாங்கியவர்கள் உண்டு. உலகம் முழுவதும் அந்த மாடல் 25 கோடிக்கும் மேல் விற்றது. ஹெச்.சி.எல். நிறுவனத்தின் விநியோக வலையைப் பயன்படுத்திச் சின்ன ஊர்க் கடைகளுக்கும் சரக்கு போய்ச் சேர்ந்தது. ரிப்பேர் என்றால் எடுத்துப்போக நோக்கியா கேர் மையம் இருந்தது. அது தொலைவென்றால், நோக்கியா உதிரிப் பாகங்கள் நிரம்பிய மேசையோடு பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு கடை இருந்தது. நம்பிக்கை இவற்றிலிருந்து பிறந்தது.

அடுத்து நடந்ததுதான் விசுவாசக் கோட்பாட்டுக்குப் பெரிய தலைவலி. 2000களின் பிற்பாதியில் புதுப் புதுத் தொலைபேசி நிறுவனங்கள் களத்துக்கு வந்தன. 2009இல் டாடா டோகோமோ விநாடிக் கணக்கில் கட்டணம் வாங்கத் தொடங்கியது. மற்றவர்களும் கட்டணத்தைக் குறைத்தார்கள். ஒரு சிம்மில் இன்கமிங்குக்கு நல்ல சிக்னல், இன்னொரு சிம்மில் அவுட்கோயிங்குக்கு மலிவுக் கட்டணம், ராத்திரிப் பேச்சுக்கு வேறொரு சலுகை என்று ஒருவரே இரண்டு மூன்று சிம் வைத்துக்கொண்டார். பேட்டரியைக் கழற்றி சிம்மை மாற்றி மாற்றிப் போடும் வேலை நாடு முழுவதும் நடந்தது. இரண்டு சிம் போடக்கூடிய போன் தேவை என்பதை எந்த ரீசார்ஜ் கடைப் பையனும் சொல்லியிருப்பான். நோக்கியா அதை 2011 நடுவில்தான் இந்தியாவில் விற்கத் தொடங்கியது. அதற்குள் மைக்ரோமேக்ஸ், கார்பன், லாவா ஆகிய பெயர்களும், பெயரே இல்லாத சீனப் போன்களும் கடைகளை நிறைத்துவிட்டன. 2008இல் கைபேசிச் சந்தைக்கு வந்த மைக்ரோமேக்ஸ் விற்றது இரண்டே விஷயங்களை: 30 நாள் தாங்கும் என்று விளம்பரப்படுத்திய பேட்டரி, அடுத்து இரட்டை சிம். அதன் பெயரை முந்தின ஆண்டு வரை யாரும் கேள்விப்பட்டிருக்கவில்லை.

இங்கே ஒரு விநோதம். இந்தியாவில் மக்கள் அதிகம் நம்பும் பிராண்ட் எது என்று ஆண்டுதோறும் எடுக்கப்படும் பட்டியல்களில் நோக்கியா இந்தக் காலம் முழுவதும் உச்சியிலேயே இருந்தது. 2011இல் வெளிவரத் தொடங்கிய பிராண்ட் டிரஸ்ட் அறிக்கையில் முதலிடம்; 2012லும் 2013லும் அதே முதலிடம். அந்த 2013 செப்டம்பரில்தான் நோக்கியா தன் கைபேசிப் பிரிவை மைக்ரோசாஃப்டுக்கு விற்பதாக அறிவித்தது. 2014 நவம்பர் 1 அன்று ஸ்ரீபெரும்புதூர் ஆலை உற்பத்தியை நிறுத்தியது. மைக்ரோசாஃப்ட் ஒப்பந்தத்தில் அந்த ஆலை சேராமல் போனதற்கு வரித் தகராறும் ஒரு காரணம் என்பது உண்மை. ஆனால் விற்பனை ஏறுமுகத்தில் இருந்த ஒரு நிறுவனத்துக்கு இந்தக் கதி வந்திருக்காது. மக்கள் நோக்கியாவை நம்புவதாக வாயால் சொல்லிக்கொண்டே சாம்சங்கையும் மைக்ரோமேக்ஸையும் வாங்கினார்கள். விசுவாசம் விற்பனையைத் தீர்மானிக்கும் என்றால், இவ்வளவு விசுவாசத்தைச் சேர்த்து வைத்திருந்த நிறுவனம் அதைக் கொண்டு இன்னும் ஐந்து ஆண்டுகளாவது ஓட்டியிருக்க வேண்டும்.

இதற்கு ஒரு பதில் தயாராக இருக்கும்: நோக்கியா ஆண்ட்ராய்டை ஏற்காமல் 2011 பிப்ரவரியில் விண்டோஸ் போனைத் தேர்ந்தெடுத்தது தவறு, அதனால் விசுவாசிகள் கைவிட்டார்கள் என்று. சரியான பதில்தான். ஆனால் அதைச் சொல்பவர், தாம் மறுக்க வந்த கட்சிக்கே வாக்குமூலம் கொடுக்கிறார். ஓர் உத்தித் தவறு நாட்டின் மிக நம்பகமான பெயரை மூன்றே ஆண்டுகளில் காலி செய்ய முடியும் என்றால், இரண்டில் எது கனமானது என்பதில் வாதத்துக்கு இடமில்லை.

மைக்ரோமேக்ஸின் கதை இன்னும் சுருக்கமானது. 2014 கடைசிக் காலாண்டில், கேனலிஸ் நிறுவனக் கணக்குப்படி, இந்திய ஸ்மார்ட்போன் சந்தையில் 22 சதவீதத்துடன் அது சாம்சங்கையே முந்தியது. ஹாலிவுட் நடிகர் ஹியூ ஜாக்மேன் அதன் விளம்பரத்தில் வந்தார். ‘நம்ம நாட்டு பிராண்ட்’ என்ற பெருமையும் சேர்ந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. அதன் 4ஜியில் பேச வோல்ட்டி வசதியுள்ள போன் வேண்டும். இந்தியக் கம்பெனிகளின் சரக்கு பெரும்பாலும் 3ஜி. நவம்பரில் வந்த பணமதிப்பிழப்பு அறிவிப்பு, ரொக்கத்தை நம்பியிருந்த சின்னக் கடைகளை முடக்கியது. அந்தக் கடைகள்தான் இவர்களின் முக்கிய வாசல். ஓராண்டுக்குள் முன்னணிப் பட்டியலிலிருந்து அவர்கள் காணாமல் போனார்கள். நாட்டுப்பற்று அவர்களைக் காப்பாற்றவில்லை.

அந்த இடத்துக்கு வந்தது ஷியாவ்மி. 2014 ஜூலையில் இந்தியாவுக்குள் நுழைந்தபோது பலருக்கு அந்தப் பெயரை வாசிக்கவே தெரியாது, ‘எம்.ஐ.’ என்று சொல்லிச் சமாளித்தார்கள். கடை வைக்கவில்லை, நடிகரை வைத்து விளம்பரம் செய்யவில்லை. ஃபிளிப்கார்ட்டில் மட்டும் விற்றது. அதனால் மொத்த வியாபாரி, சில்லறை வியாபாரி இருவரின் கமிஷனும் மிச்சம். 13,999 ரூபாய்க்கு வந்த எம்.ஐ. 3, அதைப் போல் இரண்டு மடங்கு விலையில் இருந்த மற்ற நிறுவனப் போன்களோடு போட்டியிட்டது. அடுத்து வந்த ரெட்மி 1எஸ் 5,999 ரூபாய். வாராவாரம் குறிப்பிட்ட நேரத்தில் கொஞ்சம் சரக்கை மட்டும் விடும் ஃபிளாஷ் சேல், தேவை எவ்வளவு என்று தெரியாமல் குடோனில் சரக்கு தேங்கும் ஆபத்தைத் தவிர்த்தது. ‘தீர்ந்துபோச்சு’ என்ற செய்தி செலவில்லாத விளம்பரமாகவும் ஆனது. 2015இல் ஆந்திரத்தின் ஸ்ரீசிட்டியில் ஃபாக்ஸ்கான் ஆலையில் போன் கோக்கத் தொடங்கியது. இறக்குமதிப் போன்கள் மீதான சுங்க வரி 2017 ஜூலைக்கும் 2018 பிப்ரவரிக்கும் இடையில் 10, 15, 20 சதவீதம் என்று ஏறியபோது அந்த முடிவின் அருமை தெரிந்தது. 2017 இறுதியில் ஷியாவ்மி இந்தியாவில் முதலிடம். மூன்றரை ஆண்டில் விசுவாசம் வளர்ந்துவிட்டது என்று யாராவது சொல்வார்களானால், 2022 கடைசிக் காலாண்டில் சாம்சங் அதை முந்தியதையும், 2024இல் விவோ முன்னணிக்கு வந்ததையும் அவர்களே விளக்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஐந்து பெயர்கள் அரியணை ஏறி இறங்கிய சந்தையில் விசுவாசத்தைத் தேடுவது வீண் வேலை.

விவோவும் ஒப்போவும் எப்படி முன்னேறின என்பதைப் பார்க்க ஒரு செல்போன் கடைக் கவுன்ட்டர் வரை போனால் போதும். கிரிக்கெட் விளம்பரத்துக்கு விவோ கொட்டிய பணம் எல்லோருக்கும் தெரியும், ஐ.பி.எல். பெயருரிமைக்கு 2017இல் ஐந்தாண்டுகளுக்கு 2,199 கோடி ரூபாய் ஏலம் கேட்டது. அதைவிட முக்கியமான செலவு கடைக்குள் நடந்தது. மாவட்டத் தலைநகரில் உள்ள ஒரு நடுத்தரக் கடையை எடுத்துக்கொள்ளலாம். பெயர்ப்பலகை ஒரு நிறுவனம் போட்டுக் கொடுத்தது. உள்ளே விளக்கு பொருத்திய காட்சிப் பெட்டி இன்னொரு நிறுவனத்துடையது. கம்பெனி டி-சர்ட் அணிந்து நிற்கும் இரண்டு மூன்று பேர் கடை ஊழியர்கள் இல்லை. அந்தந்தப் பிராண்ட் அனுப்பிய புரமோட்டர்கள். விற்கும் ஒவ்வொரு பீஸுக்கும் அவர்களுக்கு இன்சென்டிவ் உண்டு, கடைக்காரருக்கு மாதாந்திர டார்கெட் ஸ்கீம் உண்டு. வாடிக்கையாளர் ஒரு பெயரைச் சொல்லிக்கொண்டே உள்ளே வருவார். ‘அண்ணா, அந்த மாடல் ஸ்டாக் இல்ல. அதே ரேட்டுல இதப் பாருங்க, கேமரா சூப்பரா இருக்கும்’ என்று டெமோ பீஸ் கைக்கு வரும். ஒரு செல்ஃபி எடுத்துக் காட்டப்படும். கால் மணி நேரத்தில் வாங்க வந்தது ஒன்று, பில் போடுவது ஒன்று என்று ஆகியிருக்கும். கடையில் எந்தப் பெட்டியை முன்னால் எடுத்து வைப்பது என்பதை விளம்பரப் படத்தில் நடித்த நட்சத்திரம் முடிவு செய்வதில்லை. எதில் மார்ஜின் அதிகம் என்பது முடிவு செய்கிறது.

கவுன்ட்டரின் மறுகோடியில் நிதி நிறுவனத்தின் ஆள் டேப்லெட்டோடு உட்கார்ந்திருப்பார். ஆதார், பான், வங்கிக் கணக்கு, ஒரு ஓ.டி.பி. அதோடு கடன் தயார். ‘நோ காஸ்ட் இ.எம்.ஐ.’ என்ற அட்டை தொங்கும். வட்டியே இல்லை என்று அதற்குப் பொருள் கொள்வது வெகுளித்தனம். 24,000 ரூபாய்ப் போனுக்கு மாதம் 4,000 வீதம் ஆறு தவணை என்றால், நிதி நிறுவனம் கடைக்கு 24,000த்தை முழுசாகக் கொடுப்பதில்லை. வட்டிக்கு ஈடான தொகையைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருகிறது. கழித்த தொகையைத் தயாரிப்பு நிறுவனமோ வியாபாரியோ ஏற்றுக்கொள்கிறார். பிராசஸிங் கட்டணம் மட்டும் வாடிக்கையாளர் தலையில் தனியாக விழும். பூஜ்ய சதவீத வட்டி என்று ஒன்று உலகத்தில் கிடையாது என்ற பொருளில் ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரில் வங்கிகளைக் கண்டித்துச் சுற்றறிக்கை அனுப்பியது. அதன் பிறகு பெயர் மாறியது, வழிமுறை சற்று மாறியது, வியாபாரம் நிற்கவில்லை. 12,000 ரூபாய்ப் போன் வாங்க வந்தவரை 18,000 ரூபாய்ப் போனுக்கு ஏற்றிவிடுவது இந்தத் தவணைதான். வட்டிச் சுமையை எந்த நிறுவனம் எந்த மாடலுக்கு எத்தனை மாதத்துக்கு ஏற்றுக்கொள்கிறது என்ற முடிவு, ஒரு பண்டிகை சீசனின் விற்பனை வரிசையையே மாற்றிவிடும்.

தொலைக்காட்சிப் பெட்டிகளில் இதே கதை ஒரு தலைமுறைக்கு முன்பே நடந்து முடிந்தது. கொம்பும் வாலும் வைத்த ஒனிடா பிசாசு விளம்பரத்தை மறந்தவர் இல்லை. அந்த டிவியைக் கடைசியாக எப்போது வாங்கினோம் என்று நினைவுள்ளவர் குறைவு. சென்னையிலிருந்து வந்த டயனோராவுக்கும் சாலிடேருக்கும் தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு பழக்கம் இருந்தது. 1990களின் நடுவில் அகாய், பழைய டிவியை எடுத்துக்கொண்டு புதியதில் விலை கழித்துத் தரும் எக்ஸ்சேஞ்ச் முறையைக் கொண்டுவந்து சந்தையைக் குலுக்கியது. 1995இல் சாம்சங்கும் 1997இல் எல்.ஜி.யும் வந்தன. எல்.ஜி. சின்ன ஊர்களிலும் கிளை திறந்து, சம்பூர்ணா என்ற மலிவு டிவியைக் கொண்டுபோனது. உள்நாட்டுப் பெயர்கள் ஒவ்வொன்றாக மங்கின.

இவ்வளவையும் ஒப்புக்கொண்டு, ‘இந்தியா விலை பார்க்கும் நாடு, ஆப்பிளைப் பாருங்கள்’ என்று வாதத்தை வேறு இடத்துக்கு நகர்த்துவது விசுவாசவாதிகளின் வழக்கம். பார்க்கலாம். ஆப்பிளின் கணக்குப் புத்தகமே அவர்களுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது.

2001 அக்டோபரில் ஐபாட் 399 டாலர் விலையில் வந்தபோது மேக் கம்ப்யூட்டரோடு மட்டுமே வேலை செய்தது. அன்றைய மேக் பயனர்களைவிடத் தீவிரமான பிராண்ட் பக்தர்கள் எந்தத் துறையிலும் இருந்ததில்லை. அவர்களை நம்பி ஐபாட் எவ்வளவு விற்றது? செப்டம்பரில் முடியும் ஆப்பிளின் நிதியாண்டுக் கணக்கில், 2002இல் 3,81,000; 2003இல் 9,39,000. இதில் 2002 ஜூலையில் வந்த அரைகுறை விண்டோஸ் வசதியும் சேர்த்தி. விண்டோஸுக்கு ஐபாடைத் திறந்துவிட ஸ்டீவ் ஜாப்ஸுக்கு முதலில் மனமில்லை. உடனிருந்தவர்கள் வற்புறுத்தி இணங்கவைத்தார்கள். 2003 அக்டோபரில் விண்டோஸுக்கான ஐடியூன்ஸ் வந்தது. 2004 தொடக்கத்தில் ஐபாட் மினி, 2005 தொடக்கத்தில் 99 டாலர் ஷஃபிள். 2004 நிதியாண்டில் விற்பனை 44 லட்சம். 2005இல் 2 கோடியே 25 லட்சம். பக்தர்கள் அதே பக்தர்கள்தான். அவர்கள் எண்ணிக்கை ஓராண்டில் ஐந்து மடங்காகப் பெருகிவிடவில்லை. கதவு திறந்தது, விலைப் படிகள் கீழே இறங்கின. பிறகு, 2005 நவம்பரில் ஹைனிக்ஸ், இன்டெல், மைக்ரான், சாம்சங், தோஷிபா ஆகிய ஐந்து நிறுவனங்களோடு நினைவகச் சில்லுகளுக்கு ஆப்பிள் நீண்டகால ஒப்பந்தம் போட்டு 125 கோடி டாலரை முன்பணமாகக் கொடுத்தது. போட்டியாளருக்கு அந்த விலையில் சில்லு கிடைப்பது கடினமானது. வாக்மேனை 1979இல் கண்டுபிடித்து விற்ற சோனியின் பெயர், கையடக்க இசைக்கருவியில் ஆப்பிளைவிடப் பழையது, பெரியது. அது உதவவில்லை.

ஐபோனிலும் இதேதான். 2007 ஜூனில் 8 ஜி.பி. மாடல் 599 டாலர். இரண்டே மாதம் கழித்து 399ஆகக் குறைத்தார்கள். முதல் தலைமுறை ஐபோன் ஐந்து காலாண்டுகளில் மொத்தம் விற்றது 61 லட்சம். 2008 ஜூலையில் ஐபோன் 3ஜி வந்தது. இந்த முறை ஏ.டி. அண்ட் டி. நிறுவனம் இரண்டாண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திடுபவருக்கு விலையில் பெரும்பகுதியைத் தானே கொடுத்து, 199 டாலருக்கு விற்றது. ஒரே காலாண்டில் 69 லட்சம். முந்தைய ஐந்து காலாண்டு விற்பனையை மூன்று மாதம் விழுங்கியது.

அதே போன் 2008 ஆகஸ்ட் 22 அன்று ஏர்டெல், வோடஃபோன் வழியாக இந்தியாவுக்கு வந்தது. விலை 31,000 ரூபாய். அமெரிக்காவின் 199 டாலர் அன்றைய மாற்று விகிதத்தில் ஒன்பதாயிரம் ரூபாய்க்கும் குறைவு. இந்திய வாடிக்கையாளரில் பெரும்பான்மையினர் ப்ரீபெய்டு. இரண்டாண்டு ஒப்பந்தத்தில் அவர்களைக் கட்டிப்போட முடியாது. எனவே தொலைபேசி நிறுவனம் விலையில் பங்கேற்றால் அந்தப் பணத்தைத் திரும்ப எடுக்க வழியில்லை. நள்ளிரவில் கடை திறந்து ஆரவாரமாகத் தொடங்கிய விற்பனை சில வாரங்களில் அடங்கிப்போனது. ஒரே பெயர், ஒரே கருவி, ஒரே ஆண்டு. மாறியது, போனின் விலையை யார் எப்படிப் பகிர்ந்துகொண்டார்கள் என்ற ஏற்பாடு மட்டுமே. பின்னாளில் இந்தியாவில் ஐபோன் விற்பனை ஏறியதும் எப்போது? மாதத் தவணை, பழைய போனுக்கு எக்ஸ்சேஞ்ச், பண்டிகைக் காலத்தில் முந்தைய ஆண்டு மாடலுக்குப் பெரும் தள்ளுபடி ஆகியவை சேர்ந்த பிறகு. ஜப்பானிலும் சாஃப்ட்பேங்க் என்ற தொலைபேசி நிறுவனம் 2009இல் இரண்டாண்டு ஒப்பந்தத்தோடு 8 ஜி.பி. ஐபோனுக்குத் தனி விலையே இல்லாமல் கொடுத்தது, சோனியையும் ஷார்ப்பையும் கொண்டாடிவந்த நாட்டில் ஆப்பிளுக்கு வழிவிட்டது.

விற்ற பிறகு வாடிக்கையாளர் திரும்பத் திரும்ப ஐபோனே வாங்குகிறாரே, அது விசுவாசம் இல்லையா என்பது அடுத்த கேள்வி. எதிர்த்தரப்பின் வலுவான வாதம் இதுதான்; இதை மட்டும் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் சி.ஐ.ஆர்.பி. என்ற ஆய்வு நிறுவனம் 2018இல் வெளியிட்ட கணக்கில், போன் மாற்றும்போது ஆண்ட்ராய்டிலேயே தங்கியவர்கள் 91 சதவீதம். ஐபோனிலேயே தங்கியவர்கள் அதைவிடச் சற்றுக் குறைவு. ஆண்ட்ராய்டின் பச்சை ரோபோவுக்காக யாரும் விடியற்காலை வரிசையில் நிற்பதில்லை, உடம்பில் பச்சை குத்திக்கொள்வதில்லை. ஆனாலும் தங்கும் விகிதம் ஒன்றுபோல் இருக்கிறது. அப்படியென்றால் அந்த எண் பக்தியை அளக்கவில்லை. வாங்கிய ஆப்கள், சேர்த்துவைத்த படங்கள், பழகிய விரல்கள், குடும்பத்தில் மற்றவர் வைத்திருக்கும் போன் ஆகியவற்றை விட்டு வெளியேறும் சிரமத்தை அளக்கிறது.

இந்தச் சிரமம் தற்செயலாக அமைந்ததும் இல்லை. எபிக் கேம்ஸ் தொடுத்த வழக்கில் 2021இல் ஆப்பிளின் உள் மின்னஞ்சல்கள் வெளியாயின. ஐபோனின் செய்திச் செயலியான ஐமெசேஜை ஆண்ட்ராய்டிலும் தரலாமா என்று 2013இல் விவாதம் நடந்திருக்கிறது. ஆப்பிள் நிர்வாகிகளில் எடி கியூ தரலாம் என்றார். கிரெய்க் ஃபெடரிகி மறுத்தார். அப்படித் தந்தால் ஐபோன் வைத்திருக்கும் பெற்றோர் பிள்ளைகளுக்கு ஆண்ட்ராய்டு வாங்கித் தருவதற்கு இருக்கும் தடை நீங்கிவிடும் என்பது அவர் காரணம். 2016இல் இன்னொரு நிர்வாகியான ஃபில் ஷில்லரும் அது லாபத்தைவிட நஷ்டத்தையே தரும் என்று எழுதினார். தன் வாடிக்கையாளரின் விசுவாசத்தில் உண்மையான நம்பிக்கை உள்ள நிறுவனம் சுவர் எழுப்புவது பற்றி இப்படிக் கவலைப்படாது. 2024 மார்ச்சில் அமெரிக்க நீதித்துறை தொடுத்த ஏகபோக வழக்கின் மையமும் இந்தச் சுவர்தான். ஐமெசேஜின் இடத்தை வீசாட் பிடித்துவிட்ட சீனாவில், எந்தப் போனிலும் வீசாட் ஒன்றே என்பதால், இந்தச் சுவரின் உயரம் பாதியாகிவிடுகிறது. அங்கே 2023 ஆகஸ்டில் ஹுவாவே மேட் 60 வந்ததும் ஆப்பிளுக்கு நெருக்கடி ஏற்பட்டது.

சந்தையியலில் இதற்கு ஒரு பழைய விதியும் உண்டு. 1960களில் வில்லியம் மெக்ஃபி சுட்டிக்காட்டி, பின்னர் ஆண்ட்ரூ எரன்பெர்க் பல பண்டங்களில் நிறுவிக்காட்டிய அந்த விதிப்படி, சிறிய பிராண்டுகளுக்கு வாங்குபவர்களும் குறைவு, அந்த வாங்குபவர்களின் விசுவாசமும் சற்றுக் குறைவு. பெரிய பிராண்டுக்கு இரண்டும் கூடுதல். அதாவது விசுவாசம் சந்தைப் பங்கைப் பின்தொடர்ந்து ஏறி இறங்குகிறது. விசுவாசத்தை முதலில் வளர்த்து அதைக் கொண்டு பெரிதான பிராண்ட் என்பது விளம்பர நிறுவனங்களின் அறிக்கைகளில் அடிக்கடி வரும், புள்ளிவிவரத்தில் அரிதாகவே வரும்.

பெயருக்கு மதிப்பே இல்லை என்று இதற்குப் பொருளாகாது. முன்பின் தெரியாத சார்ஜரைவிடத் தெரிந்த பெயரின் சார்ஜரை வாங்குவது விவேகமானது. அது வெடிக்காது என்ற ஓர் உத்தரவாதம் பெயரில் இருக்கிறது. பழைய ஐபோனுக்கு மறுவிற்பனையில் நல்ல விலை கிடைப்பதால் எக்ஸ்சேஞ்சும் தவணையும் மலிவாக அமைகின்றன. இதில் பெயரின் பங்கை மறுக்க முடியாது. ஆனால் பெயர் எந்த அளவுக்கு வேலை செய்யும், எங்கே நின்றுவிடும் என்பதைச் சோதித்துப் பார்க்க ஓர் அபூர்வ வாய்ப்பு 2016 இறுதியில் கிடைத்தது.

ஹெச்.எம்.டி. குளோபல் என்ற ஃபின்லாந்து நிறுவனம் நோக்கியா பெயரைப் போன்களில் பயன்படுத்தும் உரிமையைப் பெற்றது. 2017 பிப்ரவரியில் பார்சிலோனாவில் பழைய 3310 மாடலுக்கு மறுபிறவி கொடுத்தபோது உலகமே நெகிழ்ந்தது. இந்த முறை இயங்குதளம் ஆண்ட்ராய்டுதான். பழைய சாக்கு இல்லை. அந்த ஜூனில் இந்தியாவுக்கு வந்த நோக்கியா 3 விலை 9,499 ரூபாய்: 16 ஜி.பி. சேமிப்பு, ஐந்து அங்குலத் திரை, 2,700 மில்லியாம்பியர்-மணிக்கும் குறைந்த பேட்டரி. அதே கடைத்தெருவில் 9,999 ரூபாய்க்கு ரெட்மி நோட் 4: 32 ஜி.பி., ஐந்தரை அங்குலத் திரை, 4,100 மில்லியாம்பியர்-மணி. பார்சிலோனாவில் நெகிழ்ந்தவர்கள் ஐந்நூறு ரூபாய் கூடக் கொடுத்து ரெட்மி வாங்கினார்கள். ஸ்மார்ட்போனில் நோக்கியா பெயர் பிறகு எழவே இல்லை, 2024இல் ஹெச்.எம்.டி. தன் சொந்தப் பெயரிலேயே போன்களை வெளியிடத் தொடங்கியது. பட்டன் போன்களில் மட்டும் நோக்கியா இன்னும் விற்கிறது. அங்கே விலை போட்டியாளருக்கு அருகில் இருக்கிறது, பேட்டரி நாள்கணக்கில் நிற்கிறது, டார்ச் எரிகிறது. 2023 மே மாதம் 1,299 ரூபாய்க்கு வந்த நோக்கியா 105இல், இன்டர்நெட் இல்லாமலே பணம் அனுப்பும் யு.பி.ஐ. வசதியும் சேர்த்துத் தரப்பட்டது.